மேற்கே பார்த்து நின்ற வண்டி

அன்று காலை மருதையாற்றின் கிழக்குக் கரை மேட்டில் இருந்தவர்கள் இவர்கள்: குரும்பலூர் மிராசுதார் ஆண்டவர், அவருடைய மகளின் கொழுந்தன் அரியலூர் ராசாங்கம், லப்பைக்குடிக்காட்டு வியாபாரி காசிம் ராவுத்தர், டாக்டர் சின்னதுரை, ஏட்டு தர்மன், திருச்சியிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்பறிவாளர் உத்திராபதி, அவருடைய உதவியாளர் இளையபெருமாள். சற்றுத் தள்ளிப் புளியமரத்தடியில், மாடு அவிழ்த்த கூண்டு வண்டிக்குள் திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஆண்டவரின் மகள் செல்வம்மாள். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு பலர் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் இல்லை.

மேட்டின் நடுவில், காவல் நிலையத்திலிருந்து மாடு பூட்டி இழுத்து வரப்பட்ட பழைய போர்டு கார் ஒன்று நின்றது. முதல் யுத்த காலத்து வண்டி. அந்தப் பக்கத்துக்கு வந்த முதல் மோட்டார் அதுதான் என்பார்கள். பதினைந்து நாட்களுக்கு முன்பு, இதே இடத்தில், தன்னுடைய இந்த வண்டியின் ஆசனத்தில்தான் ஆண்டவரின் ஒரே மகன் பழனிவேல் மண்டை பிளந்து செத்துக் கிடந்தான். பக்கத்தில் ஒரு துணி மூட்டை. மூட்டைக்குள் அவனுடைய அக்காள் செல்வம்மாளின் நகைகள். வண்டி கிழக்கே இருந்த அரியலூருக்கு முதுகைக் காட்டி, மேற்கே பெரம்பலூரைப் பார்த்து நின்றது.

அது போதுமானதாக இருந்தது ஊருக்கு. விதவை அக்காளின் நகைகளை அரியலூரில் திருடிக்கொண்டு பெரம்பலூர்ப் பக்கம் ஓடி வந்தான், கூட வந்த கூட்டாளி பங்குச் சண்டையில் அடித்துவிட்டு, யாரோ வரும் சத்தம் கேட்டு ஓடிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். போலீஸும் அப்படித்தான் எழுதியது. மறுநாள் கருமாதி. திருடனுடைய பந்தலில் கை நனைக்க மாட்டோம் என்று பங்காளிகள் எல்லாரும் சொல்லியனுப்பியிருந்தார்கள். பதினைந்து நாட்களாக ஆண்டவர் யாரிடமும் அழவில்லை, முதுகையும் வளைக்கவில்லை. செத்த மகனுக்கு உயிரைத் திருப்பித் தர யாராலும் ஆகாது. பெயரையாவது திருப்பி வாங்க வேண்டும் என்றுதான் உத்திராபதிக்குச் சொல்லியனுப்பினார்.

வந்தவர்களில் உத்திராபதியை அவருக்குப் பிடித்திருந்தது. குறைவாகப் பேசுகிற மனிதர். உதவியாளனைத்தான் பிடிக்கவில்லை. சாவு நடந்த இடத்தில் நின்றுகொண்டு அவன் மோட்டார்களைப் பற்றி வம்பளந்துகொண்டிருந்தான். அதைவிடக் கொடுமை, மற்றவர்களும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் எல்லாரும் மோட்டார்ப் பைத்தியங்கள். பழனிவேலும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தவன்தான்.

ராசாங்கம் தன்னுடைய பெரிய பியூக் காரின் பின்னால் நின்றுகொண்டிருந்தான். பெட்ரோல் பங்கீட்டுக் காலம் ஆகையால், வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்குக் கரி அடுப்பு ஒன்றைக் கட்டியிருந்தான். கரியை எரித்து அந்த வாயுவில் வண்டியை ஓட்ட வேண்டும். அணைந்துகொண்டிருந்த கரியைப் பச்சை வேப்பங்கொம்பால் கிளறினான்.

"என்னங்க இது, நீங்க முன்னாடி போனா பின்னாடியே டீக்கடையும் வருது?" என்றான் இளையபெருமாள்.

"இந்த டீக்கடைக்குள்ள எட்டு சிலிண்டர் இருக்கு தம்பி," என்றான் ராசாங்கம். "அதோ டாக்டரோட ஆஸ்டினைப் பாரு. மழை வந்தா மடிச்சு அக்குள்ல வெச்சுக்கலாம்."

டாக்டர் சின்னதுரை விட்டுக்கொடுக்கவில்லை. "பியூக் வாங்கறது யானை வாங்கற மாதிரி, ராசாங்கம். ஏறி உக்காந்தா ராஜா. தீனி வெக்கிறப்பப் பிச்சைக்காரன். என் ஆஸ்டின் ஆட்டுக்குட்டி. ரெண்டு தழையைக் காட்டினா திருச்சி வரைக்கும் வரும்."

"அப்ப மோரிஸ்?" என்றான் இளையபெருமாள்.

"அது வாத்தியார் வண்டி. ஆரன் அடிக்கக்கூடக் கூச்சப்படும்."

காசிம் ராவுத்தர் மட்டும் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பழைய போர்டின் பித்தளை விளிம்பை மேல்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய வண்டிகள் என்றால் அவருக்கு உயிர். "நீங்கள்லாம் பொண்ணு பாக்கிற மாதிரி பெயிண்டைப் பாக்கிறீங்க. நான் வயசைப் பாக்கிறவன். இருபத்தஞ்சு வருசம் அடி வாங்கியும் கூப்பிட்டா எந்திரிக்குது பாருங்க, அதுதான் வண்டி."

"எந்திரிக்கும், எந்திரிக்கும்," என்றார் டாக்டர். "மேடு வந்தா அதோட ரோசத்தைப் பாக்கணுமே! கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாமியா வூட்டுக்குள்ள நுழையற மாதிரி, மூஞ்சியை அந்தாண்ட திருப்பிக்கிட்டுத்தான் ஏறும். பழனிவேலை நாங்க எத்தனை நாள் கேலி பண்ணியிருப்போம்!"

எல்லாரும் சிரித்தார்கள். கூண்டு வண்டியின் திரை அசைந்தது. ஆண்டவரின் கை தடியை இறுகப் பற்றியது. "டாக்டர், இது என் மகன் செத்த இடம்," என்றார்.

சிரிப்பு அடங்கியது. உத்திராபதி மட்டும் டாக்டரின் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஏறும்னா?"

"ரிவர்ஸ்ல ஏறும். இதுல பெட்ரோலைத் தள்ளிவிடப் பம்பு கிடையாது. டேங்கு டிரைவர் சீட்டுக்கு அடியில. தண்ணி மாதிரி தானா வழிஞ்சு முன்னாடி இன்ஜினுக்குப் போகணும். டேங்குல கொஞ்சமா இருந்து, மேட்டுல மூஞ்சியைத் தூக்கிட்டா, இன்ஜின் மேல போயிடும், பெட்ரோல் கீழ நின்னுடும். அதனால வண்டியைத் திருப்பி, பின்னாலேயே ஏத்துவாங்க. பழைய போர்டு வெச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதிதான்."

"எல்லாருக்கும் தெரியும்," என்றார் உத்திராபதி மெதுவாக. "ஆனா யாரும் நினைச்சுப் பாக்கல."

ஆண்டவருக்கு அந்தப் பேச்சு முழுவதும் விளங்கவில்லை. மோட்டார் என்றாலே அவருக்கு ஆகாது. ஆனால் உத்திராபதியின் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை ஓர் அடி முன்னால் வர வைத்தது.

"ஏட்டய்யா, அன்னைக்கு வண்டியில இருந்த சாமானையெல்லாம் எடுத்து வைங்க."

தர்மன் கோணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். ஒரு குடை. ஒரு தண்ணீர்க் கூஜா. ஓர் அரிக்கேன் விளக்கு.

"விளக்கு எங்க இருந்துச்சு?"

"வண்டிக்குப் பின்னாடி, கயித்துல கட்டியிருந்துச்சுங்க. பின்விளக்குன்னு எழுதியிருக்கேன்."

"பின்விளக்கு என்ன நிறத்துல எரியணும்?"

"சிவப்புங்க. வெள்ளையா எரிஞ்சா நானே கேஸ் எழுதுவேன்."

"இதோட கண்ணாடி?"

ஏட்டு குனிந்து பார்த்தார். "வெள்ளைங்க."

இளையபெருமாள் வண்டியின் பின்பக்கம் போய்க் குந்தினான். "சார், இங்க ஏற்கெனவே ஒரு சிவப்பு விளக்கு இருக்கு. சௌக்கியமாவே இருக்கு. ரெண்டு பின்விளக்கு வெச்சுக்க இது என்ன கல்யாண ஊர்வலமா?"

"ஊர்வலம் இல்ல," என்றார் உத்திராபதி. "இருட்டுல முன்னால போறவனுக்கு முன்விளக்கு போதும். பின்னால போறவனுக்குத்தான் பின்னால வெளிச்சம் வேணும்."

ராசாங்கம் வேப்பங்கொம்பைக் கீழே போட்டான். "அன்னைக்கு ராத்திரி எங்க வூட்டுலேருந்து கிளம்பறப்பவே அந்த விளக்கு கட்டியிருந்துச்சுங்க. நான்தான் ஏற்கெனவே வாக்குமூலம் குடுத்திருக்கேனே. சாயங்காலம் வந்தான். மோட்டார்க் கொட்டகையில உக்காந்து பேசினான். நான் பலகாரம் எடுக்க உள்ள போன நேரத்துல இரும்புப் பெட்டியைத் திறந்திருக்கான். அது தெரியாம, மச்சானாச்சேன்னு என் பங்குப் பெட்ரோலையே அவன் டேங்கு ரொம்ப ஊத்தி அனுப்பினேன். துரோகிக்கு ஊத்தினேன்னு அப்ப எனக்குத் தெரியுமா, மாமா?"

கடைசி வார்த்தையை ஆண்டவரைப் பார்த்துச் சொன்னான். மகளைக் கொடுத்த வீடு. ஆண்டவர் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"டேங்கு ரொம்ப ஊத்தினீங்க," என்றார் உத்திராபதி. "ஏட்டய்யா, டேங்கு?"

"பொணத்தை இறக்கின உடனே மூடியில அரக்கு வெச்சு முத்திரை போட்டேங்க. இந்தக் காலத்துல ஸ்டேஷன் வாசல்லயே பெட்ரோல் ஆவியாயிடுது."

இளையபெருமாள் ஆசனத்தின் மெத்தையைத் தூக்கினான். அதன் அடியில் அரக்கு உடையாமல் இருந்தது. தர்மன் முத்திரையை உடைக்க, ராவுத்தர் அளவுக் குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். குச்சியின் நுனியில் விரற்கடை ஈரம்.

"ரொம்பினது இவ்வளவுதானா?" என்றார் உத்திராபதி.

"வழியில எவனாவது திருடியிருப்பான்!" என்றான் ராசாங்கம்.

"எப்படித் திருடுவான்?" இளையபெருமாள் மெத்தையைத் தட்டினான். "இதைத் தூக்கினாத்தான் டேங்கு. இதும்மேல பொணம் உக்காந்திருக்கு. பொணத்தை எந்திரிக்கச் சொல்லிப் பெட்ரோலை எடுத்துட்டு, திரும்ப உக்கார வெச்சுட்டு, பக்கத்துல கிடந்த நகை மூட்டையை வேண்டாம்னு விட்டுட்டுப் போயிருக்கான். அவ்வளவு யோக்கியமான திருடன் இருந்தா நானே அவன்கிட்ட வேலைக்குச் சேந்துடுவேன்."

இந்தத் தடவை அவன் வாய்த்துடுக்கு ஆண்டவருக்கு உறுத்தவில்லை.

வண்டியை எல்லாருமாகத் தள்ளி ஆற்று மணலை ஒட்டிய கல்தளத்துக்கு இறக்கினார்கள். அங்கேயிருந்து கிழக்குக் கரை செங்குத்தாக ஏறியது. ராவுத்தர் சக்கரத்தின் முன் உட்கார்ந்தார். இளையபெருமாள் முன்னால் இருந்த கைப்பிடியைச் சுற்றினான். அது திருப்பி உதைத்ததில் இரண்டடி தள்ளிப் போய் விழுந்தான். "ஏட்டய்யா, இது என்னை அடிச்சதுக்குச் சாட்சி நீங்கதான்!" என்று எழுந்து மறுபடியும் சுற்ற, வண்டி இருமிக்கொண்டு உயிர் பெற்றது.

பதினைந்து நாட்களுக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்ட ஆண்டவர் சட்டென்று தலையைத் திருப்பினார். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டால், மகன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம்.

முதலில் நேராக ஏற்றினார்கள். பாதி மேட்டில் இன்ஜின் இரண்டு விக்கல் விக்கி நின்றுவிட்டது. பின்னோக்கி உருண்டு கல்தளத்துக்கே வந்தது. மறுபடி ஏற்றினார்கள். அதே இடத்தில் அதே விக்கல்.

"இப்பத் திருப்புங்க, ராவுத்தரே," என்றார் உத்திராபதி.

வண்டி திரும்பியது. மூக்கு மேற்கே, பெரம்பலூரைப் பார்த்தது. ராவுத்தர் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துக்கொண்டு, ரிவர்ஸுக்கான நடு மிதியை அழுத்தினார். பழைய போர்டு ஒரு விக்கலும் இல்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு, கிழவி படியேறுகிற மாதிரி நிதானமாக ஏறிக் கரைமேட்டில் வந்து நின்றது.

மேற்கே பார்த்து நின்றது. மகன் செத்துக் கிடந்த அன்று எப்படி நின்றதோ அப்படியே.



"அவர் அரியலூர்லேருந்து வரல," என்றார் உத்திராபதி. "அரியலூருக்குப் போய்க்கிட்டிருந்தார். போய்ச் சேரவே இல்ல. அதனால யார் வூட்டுக் கொட்டகையிலயும் உக்காரல. யார் இரும்புப் பெட்டியையும் திறக்கல. நகை மேற்கேயிருந்து வந்துச்சு."

அப்போதுதான் அது நடந்தது. வண்டியிலிருந்து இறங்கிய காசிம் ராவுத்தர் படிப்பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா! மவுத்தாப் போனவரைப் பத்தி என்ன நினைச்சுட்டேன் நான்!"

"சொல்லுங்க," என்றார் உத்திராபதி.

"நகை எங்கிட்டதாங்க இருந்துச்சு. அந்தப் பியூக்கு என்னோட வண்டி. போன மாசம் ராசாங்கம் நகையைக் குடுத்து எடுத்துக்கிட்டாரு. குடும்பத்து நகை, எல்லாரும் சம்மதிச்சுத்தான் குடுக்கிறோம்னாரு. அந்த வாரமே பழனிவேல் எங்க வூட்டுக்கு வந்தாரு. காசுமாலையைப் பாத்த உடனே முகம் செத்துப்போச்சு. இது எங்க அக்காவுக்கு எங்க அப்பா போட்ட சீர், பாய்ன்னாரு. விதவைப் பொண்ணு நகை எனக்கு ஹராம், சும்மாவே எடுத்துட்டுப் போங்கன்னேன். கேக்கல. நஷ்டம் உங்களுக்கு எதுக்கு, இந்தப் போர்டை உங்களுக்கே குடுத்துடறேன்னு வாக்குக் குடுத்தாரு. நான் பத்து வருசமாக் கேட்டும் குடுக்காத வண்டிங்க இது! நகையைச் சேத்துட்டு, மறுநாள் காலையில வண்டியைக் கொண்டாந்து விடறேன்னாரு. யாருக்கும் சொல்லாதீங்க பாய், அக்கா வாழ்ந்த வூட்டு மானம் போயிடும்னு எங்கிட்ட ஆணை வாங்கிட்டாரு."

"செத்த பிறகும் ஏன் பேசல?" ஆண்டவரின் குரல் தடித்தது.

ராவுத்தர் தலையைத் தூக்கவில்லை. "வண்டி மேற்கே பாத்து நின்னுச்சுன்னு சொன்னாங்க, ஐயா. அரியலூருக்குப் போயி நகையைச் சேத்துட்டு, பெட்டியிலேருந்து அவரே திரும்ப எடுத்துக்கிட்டு வந்திருக்காருன்னு நினைச்சேன். நம்பிக் குடுத்த அமானிதத்தை மோசம் பண்ணிட்டாரேன்னு நினைச்சேன். செத்தவரோட மானத்தை இன்னும் கெடுக்க வேணாம்னுதான் வாயை மூடிக்கிட்டேன். பழைய வண்டிங்களைப் பத்தி ஊருக்கே பாடம் சொல்ற எனக்கு, அது பின்னாடி ஏறும்னு தோணாமப் போச்சே!"

"பழனிவேல் வரப்போறது வேற யாருக்குத் தெரியும்?" என்றார் உத்திராபதி.

"ராசாங்கத்துக்குத் தெரியும். பழனிவேலே சொல்லியனுப்பினாரு. ஊருக்குச் சொல்ல மாட்டேன், ஆனா அக்கா முன்னாடி நின்னு நீயே உன் வாயால ஒத்துக்கணும்னு."

எல்லாத் தலைகளும் பியூக்கின் பக்கம் திரும்பின. அங்கே ராசாங்கம் இல்லை. வண்டிக்குள் இருந்தான். இன்ஜின் கிர் கிர் என்று வெறுமனே சுற்றியது. பின்னால் கரி அடுப்பு சாம்பலாகிக் கிடந்தது.

இளையபெருமாள் அவசரப்படாமல் நடந்து போய்க் கதவில் சாய்ந்துகொண்டான். "கரி பத்திக்கக் கால் மணி நேரம் ஆகுங்களே. பெட்ரோல்ல கிளப்புங்க. ஓ, சொட்டுக்கூட இல்லையா? மச்சானுக்கு டேங்கு ரொம்ப ஊத்தினவருக்கு, சொந்த வண்டிக்கு நாலு சொட்டு இல்லாமப் போச்சே!" பிறகு அவன் குரலில் இருந்த கேலி போய்விட்டது. "அந்தக் கரி கிளற இரும்புக் கம்பி ஒண்ணு இருக்குமே, எல்லா அடுப்புக்கும் குடுப்பாங்களே. உங்களுது எங்க? காலையிலேருந்து வேப்பங்கொம்பால கிளறிக்கிட்டிருக்கீங்க."

ராசாங்கம் உதட்டை நனைத்துக்கொண்டான். அவன் பார்வை அவனை மீறி ஒரே ஒரு தடவை ஆற்றங்கரை நாணல் புதரின் மேல் விழுந்தது. தர்மன் அதைப் பார்த்துவிட்டார். புதருக்குள் இறங்கித் தடியால் துழாவி, துருப்பிடிக்கத் தொடங்கிய ஒரு கம்பியை எடுத்து வந்தார். அதன் நுனியில் என்ன ஒட்டியிருந்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

"அண்ணி முன்னாடி நின்னு நான் திருடன்னு சொல்லணுமாம்," என்றான் ராசாங்கம், யாருக்கு என்று இல்லாமல். "நான் எந்த வூட்டுப் பிள்ளை! இங்க காத்திருந்து கெஞ்சினேன், கேக்கல. மேட்டுல ஏறினப்புறம் வண்டியைத் திருப்ப நின்னான், அடிச்சுட்டேன். அது எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சோ, அதுவே எனக்கு யோசனை சொல்லிக் குடுத்துச்சு. நகையை அங்கேயே விட்டுட்டேன்."

கூண்டு வண்டியின் திரை விலகியது. செல்வம்மாள் இறங்கி வந்தாள். கொழுந்தனை அவள் பார்க்கவேயில்லை. பழைய போர்டின் ஆசனத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அப்பா இவன்," என்றாள். "நகை போனாப் போகுதுடா தம்பின்னு சொல்லியிருப்பேனே. வண்டியைக் குடுத்துட்டானே. அந்த வண்டியைத் தொட விடுவானா யாரையாவது!"

ஆண்டவர் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. ராவுத்தரின் முன்னால் போய் நின்றார்.

"ராவுத்தரே, வண்டி உங்களுது."

"ஐயா! எனக்கு வேணாம். இதைப் பாக்கிறப்பல்லாம்…"

"என் மகன் வாக்குக் குடுத்திருக்கான். உங்க நகை உங்க கையை வுட்டுப் போயிடுச்சு. எங்க வூட்டு வாக்கு நிக்கணும். நாளைக்குக் காலையில வண்டி உங்க வாசல்ல நிக்கும். இன்னைக்கு மட்டும் எங்களுக்கு வேணும்."

"எதுக்குங்க?"

"அரியலூர் வரைக்கும் போவணும். அவன் போவக் கிளம்பின ஊருக்குப் போய்ச் சேரல."

டாக்டர் தன் ஆஸ்டினிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை உறிஞ்சி எடுத்து ஊற்றினார். ராவுத்தர் வண்டியைக் கிழக்கே திருப்பினார். பிறந்தது முதல் மோட்டாரில் ஏறாத ஆண்டவர் அன்று ஏறினார். மகன் செத்த இடத்தில், மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் உட்கார்ந்தார். அரியலூர்க் கடைத்தெருவில் வண்டியை மெதுவாகப் போகச் சொன்னார். பின்னால் பியூக்கை மாடு பூட்டி இழுத்து வந்தார்கள். ராசாங்கம் ஏட்டோடு நடந்து வந்தான்.

மறுநாள் குரும்பலூர்ப் பந்தலில் பங்காளிகள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். ஆண்டவர் அவர்களை வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. இலை போட்டார்கள், சாப்பிட்டுப் போனார்கள்.

பழனிவேல் அக்காளின் நகைகளோடு அரியலூரிலிருந்து தப்பி வரும் வழியில் செத்தான் என்று பெரம்பலூர்ச் சந்தையில் இன்னும் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவன் அரியலூருக்குப் போய்க்கொண்டிருந்தான். மேற்கே பார்த்தது வண்டி மட்டும்தான்.